கறுப்புத் திரையில் இரண்டு வரி

ராயபுரம்
8 செப்டம்பர் 2025

அன்புள்ள சைமன் அண்ணனுக்கு,

தங்கை ஃப்ளோரா எழுதுவது. இங்கே நானும் ஃப்ரெடியும் கரோலினும் ஆண்டவர் கிருபையில் சுகம். தேவ்லாலியில் நீயும் ஜானட் அண்ணியும் சுகமா? உன் சுகத்தை இந்த முறை வழக்கத்தைவிட அக்கறையாகவே விசாரிக்கிறேன். ஏனென்றால் ராயபுரத்தில் நீ இறந்துவிட்டாய்.

இரண்டு வருஷத்துக்கு முன் சினிமாக்காரர்கள் வந்து உன் பட்டாளத்துப் போட்டோவை வாங்கிப் போனார்களே, உன் பெயரைப் பயன்படுத்தலாம் என்று நீயும் ஒரு வரி எழுதிக் கொடுத்தாயே, அந்தப் படம் வெள்ளிக்கிழமை வெளியானது. பெயர் 'பனிச்சிங்கம்'. கார்கில் சண்டை. 'உண்மைச் சம்பவங்களைத் தழுவியது' என்று முதலிலேயே போட்டார்கள். குடும்பத்தோடு தண்டையார்பேட்டையில் பார்த்தோம். இடைவேளை வரை நீ பீரங்கி சுட்டாய். இடைவேளைக்குப் பிறகு மலை ஏறினாய். கடைசியில் கொடியைப் பிடித்தபடி செத்தாய். தியேட்டரே எழுந்து நின்றது. ஃப்ரெடி அழுதார். உன்னிடம் போன மாதம்தான் அவர் பிறந்தநாள் வாழ்த்து வாங்கினார், அப்படியும் அழுதார்.

உன்னோடு இருந்த பஷீரையும் காட்டுகிறார்கள். சிரிப்பு நடிகர் ஒருவர் நடித்திருக்கிறார். அவன் பிழைத்து, கடைசிக் காட்சியில் ராயபுரம் ஸ்டேஷனில் வந்து இறங்குகிறான். வண்ணாரப்பேட்டையில் பஷீருக்கு ஜனாஸா தொழுது அடக்கம் செய்ததைப் பார்த்த ஜனங்களே அதற்கும் கை தட்டினார்கள்.

பங்குப் பேரவைத் தலைவர் லூர்து, கோவில் வாசலில் உனக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்துவிட்டார். "இன்னாங்க இது, எங்கண்ணன் உயிரோட கீறாருங்க" என்றேன். "தெரியும்மா, ஆனா படத்துல பூட்டாருல்ல, ஜனங்க கேக்குது" என்றார். துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு டீ போட்டு எனக்குப் பால் பாக்கெட் கட்டுப்படியாகவில்லை.

சினிமாக் கம்பெனி மேனேஜரிடம் சண்டை போட்டேன். தியேட்டரில் ஓடுவதை மாற்ற முடியாதாம். பொங்கலுக்கு டிவியில் போடும்போது, படம் முடிந்ததும் கறுப்புத் திரையில் இரண்டு வரி போடுவார்களாம்: 'சைமன் உயிருடன் நலமாக இருக்கிறார். போரில் உயிர்நீத்தவர் பஷீர்.' அதற்கு நீ எழுத்தில் கேட்க வேண்டும். தாளை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. எனக்கு என் அண்ணன் உயிரோடு வேண்டும்.

உன் சுகத்துக்காக வேண்டிக்கொள்ளும்,
ஃப்ளோரா

*

தேவ்லாலி
21 செப்டம்பர் 2025

அன்புள்ள ஃப்ளோராவுக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இறந்தவனுக்கு எவ்வளவு இருக்குமோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சுகம் இருக்கிறது. ஜானட்டுக்கு முட்டி வலி. மழை விட்டுவிட்டது.

கரோலின் வீடியோ காலில் வந்தாள். வலையில் ஏறிய மீன் மாதிரி நீங்கள் எல்லோரும் வாயைத் திறந்து மூடினீர்கள். காது கேட்காதவனுக்குப் போன் எதற்கு என்றால், வாட்ஸ்அப்பில் எழுதலாமே என்கிறாள். அதில் நான் ஒரு பக்கம் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்புகிறாய். கடிதமே இருக்கட்டும்.

படத்தைப் பற்றி நீ எழுதியதை மட்டும் வைத்துச் சொல்கிறேன். ஜூலையில் நாங்கள் இருந்த இடத்தில் பனியே கிடையாது, வெறும் கல்லும் புழுதியும்தான். பனி இருந்தாலும் அதில் சிங்கம் ஏது? நாங்கள் ரோட்டோரம் பள்ளத்தாக்கில் நின்று, மலைக்கு அந்தப் பக்கம் சுட்டோம். எதிரியின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. பீரங்கிக்காரன் பீரங்கியை விட்டுவிட்டு மலை ஏறிப் போனால், ராணுவத்தில் அதற்கு வீரம் என்று பெயர் வைப்பதில்லை.

பீரங்கி பக்கத்தில் நின்று யாராவது வசனம் பேசினார்களா? பேசியிருப்பார்கள். அங்கே நாங்கள் கையைத்தான் ஆட்டுவோம். பக்கத்தில் நிற்பவன் நம் அம்மாவைத் திட்டினாலும் கேட்காது.

நான் சாகும்போது என்ன பேசினேன் என்று எழுதவில்லையே. எவ்வளவு நேரம் பேசினேன்?

ஃப்ரெடிக்கு என் ஆறுதலைச் சொல். கரோலினுக்கு முத்தங்கள்.

உன் அண்ணன்,
சைமன்

*

ராயபுரம்
4 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்தது, கையெழுத்துப் போட்ட தாள் வரவில்லை. கவரைக் கிழித்துப் பிரித்தும் பார்த்தேன். நாங்கள் சுகம். அண்ணியின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

நீ சாகும்போது முதலில் தாய்நாட்டைப் பற்றியும், பிறகு தமிழைப் பற்றியும், பிறகு ராயபுரம் மீன் மார்க்கெட்டைப் பற்றியும் பேசினாய். நெஞ்சில் மூன்று குண்டு. பாப்கார்ன் வாங்கப் போன பிள்ளை திரும்பி வந்தபோதும் பேசிக்கொண்டுதான் இருந்தாய்.

உன் கடிதத்தை ஃப்ரெடியிடம் படித்துக் காட்டினேன். "மச்சானுக்கு இன்னா தெரியும்? நெசம் பாக்கணும்னா ஹார்பர்ல நின்னா போதும். எட்டு மணி நேரம் கண்டெய்னர் ஏறும், கண்டெய்னர் எறங்கும். அதுக்கு எவன் விசிலடிப்பான்?" என்றார். நியாயம்தான் என்று நினைத்தேன். ஆனால் போன வருஷம் ஒரு படத்தில் வில்லன் கிரேன் கொக்கியில் தொங்கியபடி சண்டை போட்டபோது இதே மனிதர் சீட்டை விட்டு எழுந்து, "டேய், லோடு தூக்கும்போது கீழ ஆளு நிக்கக் கூடாதுடா! சேஃப்டி ஆபீசர் எங்கடா?" என்று கத்தினார். முன்வரிசைக்காரர்கள் உட்காரச் சொல்லிக் கெஞ்சினார்கள். எல்லோருக்கும் அவரவர் வேலையில் மட்டும் உண்மை வேண்டும், அடுத்தவன் வேலையில் விசில் வந்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். கரோலினுக்கு எண்ணூரிலிருந்து வரன் வந்திருக்கிறது. நல்ல பையன், அனல் மின் நிலையத்தில் வேலை. "பனிச்சிங்கம் சைமன் வீட்டுப் பொண்ணா!" என்று பையனின் அப்பா சபையில் எழுந்து சல்யூட் அடித்தார். ஃப்ரெடி பதிலுக்குக் குனிந்துகொண்டார். வெளியே வந்து, "நிச்சயம் முடியட்டும் ஃப்ளோரா, அப்பால உயிரோட கீறாருன்னு மெதுவா சொல்லிக்கலாம்" என்கிறார். ஏதோ பெண்ணுக்கு இருக்கும் குறையைச் சொல்வது மாதிரி.

தாளை அனுப்பு. எதற்குத் தாமதம்?

அன்புத் தங்கை,
ஃப்ளோரா

*

தேவ்லாலி
20 அக்டோபர் 2025

அன்புள்ள ஃப்ளோராவுக்கு,

இங்கே நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும். திராட்சைத் தோட்டங்களில் வெட்டு வேலை ஆரம்பித்துவிட்டார்கள். தீபாவளிப் பட்டாசு புகையாகத் தெரிகிறது. ஜானட் உன் ஒத்தடத்துக்கு நன்றி சொல்கிறாள்.

தாளை ஜானட் எங்கோ பத்திரமாக வைத்துவிட்டாள். தேட வேண்டும்.

எண்ணூர்ப் பையன் நல்லவன் என்றால் நான் செத்தவனாகவே கல்யாணத்துக்கு வருகிறேன் என்று ஃப்ரெடியிடம் சொல்.

அன்புடன்,
சைமன்

பி.கு. பஷீரின் அம்மா தாஹிராம்மா படம் பார்த்தார்களா?

*

ராயபுரம்
4 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். வேண்டுவதற்கு இந்த வாரம் எனக்கு நிறையச் சந்தர்ப்பம் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறையைக் கழுவிப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினோம். பூசைக்கு முன் மரித்தவர்கள் பெயரை உறையில் எழுதிப் பெட்டியில் போடுவோம் அல்லவா? இந்த வருஷம் ஃபாதர் புதியவர். கையில் கொடுத்ததை வாசித்துக்கொண்டே போனார். அப்பா பெயர், அம்மா பெயர், அதற்கு அடுத்து உன் பெயர். லூர்துதான் பங்கு மக்கள் சார்பாகப் போட்டாராம். கூட்டம் முழுவதும் "நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும்" என்றது. என் வாயும் பழக்கதோஷத்தில் சேர்ந்து சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

அந்தக் கோபத்தோடு நேற்று தாஹிராம்மாவைப் பார்க்கப் போனேன். மகனைத் தப்பாகக் காட்டியதற்கு அவரும் ஒரு கையெழுத்துப் போட்டால் கம்பெனிக்காரன் இன்னும் பயப்படுவான் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். படத்தை எத்தனை முறை பார்த்தார் என்று அவருக்கே தெரியவில்லை. தியேட்டர் டிக்கெட் கிழிக்கிறவன் அவருக்கு ஓர நாற்காலி ஒதுக்கி வைக்கிறானாம்.

"படத்துல எல்லாம் பொய்யா காட்டிட்டாங்களேம்மா" என்றேன்.

"நான்தான் சொன்னேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். கதை கேட்க வந்த சினிமாக்காரர்கள் அவரிடமும் போயிருக்கிறார்கள். "எம்புள்ள வூட்டுக்கு வர்ற மாதிரி எடுங்கன்னேன். அந்தப் பையன் தலைய சொறிஞ்சான். ரெண்டு பேருல ஒருத்தராவது சாவணும் பாட்டிம்மா, இல்லாங்காட்டி படம் ஓடாதுன்னான். அப்ப அந்தச் சைமனைச் சாவடின்னு சொல்லிட்டேன்."

"அவர் எங்கண்ணன்மா" என்றேன்.

"தெரியும். அவன்தான் இந்தப் பக்கம் வர்றதே இல்லியே. செத்தா அவனுக்கு இன்னா, பொழைச்சா எனக்கு இன்னா?"

இதைக் கோபமாகச் சொல்லவில்லை அண்ணா. பூண்டுத் தோலை ஊதிக்கொண்டே சொன்னார். பிறகு கறுப்புத் திரை இரண்டு வரியைப் பற்றி மெல்ல எடுத்துச் சொன்னேன். அப்போதுதான் கை நின்றது.

"எனக்குத் தெரியாதா? அவன் பேருல வருஷா வருஷம் பாத்தியா ஓதறவ நானு. நெசம் வூட்லயே கீது, சொவுத்துல மாட்டி வெச்சிகிறேன். அங்க இருட்டுல உக்காந்துனு ரயிலு வர்றதப் பாக்கறேன். அவன் எறங்கறான். லைட்டு போடறாங்க, நான் எந்திரிச்சி வந்துடறேன். அதுக்கு அப்பால இன்னாத்துக்கு எழுதிக் காட்டணும்?"

அது அவர் நியாயம். ஆனால் எனக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. என் அண்ணன் பெயருக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டுவிட்டு நான் எப்படித் தூங்குவது? டிசம்பர் முடிவதற்குள் தாள் வேண்டும் என்கிறார் மேனேஜர். முடிவை உன்னிடம் விடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அம்மா அப்பா அடக்கத்துக்கு வந்தாய், கரோலினின் முதல் நன்மைப் பூசைக்கு வந்தாய். ஒவ்வொரு முறையும் சென்ட்ரலிலிருந்து ஆட்டோ பிடித்து ராயபுரம் வந்தாய். நடுவில் இருக்கும் வண்ணாரப்பேட்டையில் ஒரு தடவைகூட நீ ஏன் இறங்கவில்லை?

ஃப்ளோரா

*

ராயபுரம்
28 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமா? கடிதமே இல்லை. நான் கேட்டது தப்பு என்றால் அந்தக் கடைசிப் பாராவைக் கிழித்துவிடு.

கரோலினுக்கு நிச்சயம் முடிந்தது. ஜனவரி 21 கல்யாணம். ஃப்ரெடி சம்பந்தியிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். அவர், "பரவால்ல, காலாவது போச்சா?" என்று கேட்டாராம். காது என்றதும் ஓரளவு சமாதானமானார்.

மேனேஜர் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார்.

உன் நலம் நாடும்,
ஃப்ளோரா

*

தேவ்லாலி
11 டிசம்பர் 2025

அன்புள்ள ஃப்ளோராவுக்கு,

நலம். குளிர் ஆரம்பித்துவிட்டது. பாராவைக் கிழிக்கவில்லை.

'பனிச்சிங்கம்' நாசிக்கில் இந்தியில் வந்திருந்தது. ஜானட்டிடம் பல் டாக்டர் என்று சொல்லிவிட்டுப் போனேன். இந்தி வசனம், ஆனால் எனக்கு எந்த மொழியும் ஒன்றுதான். தப்புகளைக் குறித்துவர ஒரு பேனாவும் கொண்டுபோனேன். சக்கரம் தப்பு. தொப்பி தப்பு. குண்டு ஒவ்வொன்றும் மூட்டை கனம் இருக்கும், அந்தச் சிரிப்பு நடிகர் தேங்காய் மாதிரி வீசிப் பிடிக்கிறார். பக்கத்தில் இருந்த பையன் காதைப் பொத்திக்கொண்டான். அவ்வளவு சத்தமாம். எனக்கு ஒன்றும் இல்லை. சத்தம் இல்லாமல் மண் எழும்புகிறது, வாய்கள் திறக்கின்றன, ஒருவன் ஓடுகிறான். அந்த இடம் மட்டும் சரியாக எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் அது படத்தின் கெட்டிக்காரத்தனம் இல்லை, என் காது என்று புரிந்தது.

பஷீர்தான் எனக்குக் குண்டு தூக்கிக் கொடுப்பான். பீரங்கிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். அன்று எதிரிகள் சுட்டது அந்தப் பக்கம் விழுந்தது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அவனை வண்ணாரப்பேட்டைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

படத்தில் நான் செத்ததும் எழுந்து போகலாம் என்றிருந்தேன். வாசலில் கூட்டம், நின்றுவிட்டேன். அப்போது ரயில் வந்தது. அது ராயபுரம் ஸ்டேஷனே இல்லை, எங்கோ செட் போட்டிருக்கிறார்கள். கடல் தப்பான பக்கம் இருக்கிறது. அந்த நடிகருக்கும் பஷீருக்கும் எந்த ஒற்றுமையும் கிடையாது, பஷீர் ஒல்லி. ஆனால் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த ஆள் வெளியே வந்து, இடது பக்கம் திரும்பி, நடந்து போகிறான். வழியில் யாரும் தடுக்கவில்லை. பேனா என் கையிலேயே இருந்தது.

வெளியே வந்து அடுத்த காட்சிக்கு டிக்கெட் எடுத்தேன். ஜானட் பல்லைக் காட்டச் சொன்னபோது மாட்டிக்கொண்டேன்.

தாள் இதோடு வருகிறது. கையெழுத்துப் போடவில்லை. என் பெயரை வாசித்தால் வாசிக்கட்டும். அது எனக்குப் பின்னால் உதவும்.

கம்பெனிக்காரர்களிடம் ஒரே ஒரு தப்பை மட்டும் சொல்ல முடியுமா? அவன் வெறுங்கையோடு வந்திருக்க மாட்டான். பெட்டியைத் திறந்து காட்டியிருக்க வேண்டும். லடாக்கின் லே நகரில் அம்மாவுக்கு என்று ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கினான், கத்தரிப்பூ நிறம். "வண்ணாரப்பேட்டையில எதுக்குடா ஸ்வெட்டரு?" என்றேன். "எங்கம்மா ஃபிரிட்ஜு தொறக்கசொல்ல போட்டுக்கும் மாமு" என்றான். வீட்டில் அப்போது ஃபிரிட்ஜ் கிடையாது. அதையும் வாங்குவதாக இருந்தான். அவன் பையில் இடமில்லை என்று என் பையில் வைத்தோம்.

பொங்கலுக்கு முன்னால் வருகிறேன். ஆட்டோவை வண்ணாரப்பேட்டையில் நிறுத்தச் சொல்ல வேண்டும். நீயும் கூட வா. தாஹிராம்மா பேசுவது எனக்குக் கேட்காது.

அன்புடன்,
சைமன்

*

ராயபுரம்
20 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். அண்ணியிடம் உன் பல்லைப் பற்றி விசாரித்ததாகச் சொல்.

தாளைக் கிழித்துவிட்டேன். வா.

ஃப்ளோரா

*

ராயபுரம்
2 பிப்ரவரி 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாகப் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தது. மணமக்கள் சுகம். சம்பந்தி இன்னும் உன்னோடு எடுத்த போட்டோவைத் தெருவில் காட்டிக்கொண்டிருக்கிறார். பேனரின் கீழே நின்று எடுத்ததுதான் அவருக்குப் பிடித்திருக்கிறது. லூர்து மட்டும், பேனரைக் கழற்றலாமா வேண்டாமா என்று உன்னிடமே கேட்டு எழுதச் சொன்னார்.

இந்தக் கடிதம் அதற்கல்ல. பொங்கலன்று தாஹிராம்மா வீட்டில் டிவியில் படம் பார்த்தோமே, அன்று அவர் நிறையப் பேசினார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாய்தான், ஆனால் நீ டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதனால் கேட்டதை எழுதுகிறேன்.

நீ வாசலில் நின்றபோது அவர் சொன்னது: "இன்னாடா இப்பிடி நரைச்சிட்ட?" நீ ஸ்வெட்டரை நீட்டினாய். அவர் அதை மோந்து பார்த்துவிட்டு, "பூச்சி உருண்டை வெச்சிகிறான், புத்திசாலி" என்றார். மின்விசிறியை முழு வேகத்தில் வைக்கச் சொல்லிவிட்டுப் போட்டுக்கொண்டார். வியர்த்துக் கொட்டியது, கழற்றவில்லை. இதெல்லாம் நீயே பார்த்தாய்.

படத்தில் நீ மலை ஏறியபோது, "ஏறுறான் பாரு, இவனா ஏறுவான்?" என்றார். நீ கொடியைப் பிடித்துக்கொண்டு தாய்நாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், உன்னை முழங்கையால் இடித்தார் அல்லவா? நீ திரையைப் பார்த்தபடியே சிரித்தாய். அவர் அப்போது சொன்னது: "சீக்கிரம் சாவுடா நைனா, எம்புள்ள வர்ற நேரமாச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. அடுப்படிக்கு எழுந்து போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது ரயில் வந்துகொண்டிருந்தது. அவர் உன் கையைப் பிடித்திருந்தார். அந்த ஆள் இறங்கினான், பெட்டியைத் தலையில் வைத்தான், இடது பக்கம் திரும்பினான். படம் முடிந்தது. திரை கறுப்பானது, அதில் ஒரு எழுத்தும் வரவில்லை. உடனே பிரஷர் குக்கர் விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

தாஹிராம்மா அதற்குப் பிறகுதான் பேசினார். உன்னிடம் அல்ல, என்னிடம்.

"இவனுக்குச் சோறு போடு. செத்துட்டு அம்மாந்தூரம் வந்துகிறான்."

அன்றைக்கு நீ ஏன் மூன்று தடவை சாப்பிட வேண்டியிருந்தது என்பது இப்போது புரிந்திருக்கும்.

காது போனாலும் வயிற்றையாவது பத்திரமாகப் பார்த்துக்கொள். அண்ணிக்கு என் அன்பு.

ஃப்ளோரா